எங்க போறதுன்னு கேட்டீங்க, எத்தனை மணிக்குன்னு கேக்கலையே

வணக்கம்மா. உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். ஜெலுத்தோங்ல 7ஆவது மாடி பிளாட், மூணாம் ஆண்டு படிக்கிற மக, செடி, தேனீ, சமையல் மூணையும் ஒண்ணா கத்துக்கணும்னு ஆசைப்படுறா, அதுக்கு பினாங்குல எந்தத் தோட்டத்துக்கு கூட்டிட்டுப் போறது, காசு கட்டி வகுப்புல சேக்கணுமா, சும்மா சுத்திப் பாத்தா போதுமான்னு கேட்டிருக்கீங்க. கடைசி வரியில போற போக்குல 'எங்க பால்கனியில பூசணி பூத்துத் தள்ளுது, ஒரு காய் கூட நிக்கல, எனக்கே ஒண்ணும் தெரியல, நான் என்னத்த சொல்லிக் குடுக்கிறது'ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, எனக்கென்னமோ உண்மையான கேள்வியே அதுதான்னு படுது. அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கிறேன், தோட்டத்துக்கு அப்புறம் வர்றேன்.

என்னப் பத்தி ரெண்டு வரி. செர்டாங்ல விவசாயம் படிச்சேன், அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல புக்கிட் மெர்தாஜாம் பக்கம் நர்சரி வேலை, இப்ப சனி ஞாயிறுல தமிழ்ப்பள்ளி பிள்ளைங்கள தோட்டம் பாக்க கூட்டிட்டுப் போறேன். சமையல் வீட்டுச் சமையல்தான், செஃப் எல்லாம் இல்ல. பூச்சிங்கள போட்டோவப் பாத்து இது இன்னதுன்னு அடிச்சுச் சொல்ற ஆளும் இல்ல, செடிதான் என் கட்சி.

பூசணியில ஆம்பளப் பூ வேற, பொம்பளப் பூ வேற. மொதல்ல சில வாரம் ஆண் பூவா மட்டும் வரும், நீளமான ஒல்லிக் காம்பு, பின்னாடி ஒண்ணும் இருக்காது. பெண் பூவுக்குப் பின்னாடி கோலிக்குண்டு சைஸுல ஒரு குட்டிக் காய் பூக்கிறதுக்கு முன்னாடியே உக்காந்திருக்கும். அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி ரெண்டு மூணு நாள்ல கீழ விழுதுன்னா பெரும்பாலும் மகரந்தம் போய்ச் சேரலன்னு அர்த்தம். பிளாட்டுல வளக்கிறவங்க கதை பத்துல எட்டு இதுதான். ஆனா தேனீ ஏன் வரலன்னு கேட்டா அங்க நான் கொஞ்சம் ஜாக்கிரதையா பேசணும். 7ஆவது மாடி உயரம் காரணமா இருக்கலாம், கீழ பூ கம்மியா இருக்கலாம், டெங்கி கேஸ் வந்தா புகை அடிக்கிறாங்களே அதுவும் இருக்கலாம். அந்தப் புகை மருந்து தேனீயையும் சேர்த்துக் கொல்லும்ங்கிறது நிச்சயம், உங்க பால்கனிக்கு அதுதான் காரணமாங்கிறது ஊகம். அதுக்காக புகை அடிக்க வேணாம்னு நான் சொல்லல, டெங்கி வந்து படுத்தவங்களுக்குத்தான் அதோட கஷ்டம் தெரியும்.

சரி, நீங்க செய்ய வேண்டியது. பூசணிப்பூ விடியறப்ப திறந்து, வெயில் ஏறினதும் சுருங்க ஆரம்பிச்சு, மத்தியானத்துக்குள்ள மூடிரும். நம்ம ஊர்ல 7 மணிக்கு மேலதான் வெளிச்சமே வருது, அதனால 7லேருந்து 9க்குள்ள முடிச்சிருங்க. மகளையே விட்டு ஒரு ஆண் பூவப் பறிக்கச் சொல்லுங்க, இதழ உரிச்சிட்டா நடுவுல மஞ்சத்தூள் ஒட்டின தண்டு மட்டும் நிக்கும், அத பெண் பூவோட நடுவுல மெதுவா நாலு பக்கமும் தடவ வேண்டியதுதான். மிச்சம் இருக்கிற ஆண் பூவ என்ன பண்றது? நடுத்தண்ட கிள்ளிப் போட்டுட்டு, உள்ள எறும்பு இருக்கான்னு பாத்து அலசி, கடலை மாவு, கொஞ்சம் அரிசி மாவு, மிளகாத்தூள், உப்பு, பெருங்காயம் கரைச்சு முக்கி பஜ்ஜியா போட்டு எடுங்க. பெண் பூவப் பறிச்சா காய் போச்சு, ஆண் பூவ ஒண்ணு ரெண்டு செடியில விட்டுட்டு பறிச்சா ஒண்ணும் குறையாது. பாருங்க, செடி, தேனீ, சமையல் மூணும் வீட்ட விட்டு வெளிய போகாமலே ஒரு காலையில வந்திருச்சு. இதுக்கு யாருக்கும் காசு கட்ட வேணாம்.

இதுலதான் நான் தலைப்புல சொன்னது வருது. நம்ம ஆளுங்க தோட்டத்துக்குப் போறதுன்னா சாப்பிட்டு, குளிச்சு, பிள்ளைங்கள கிளப்பி, 11 மணிக்குப் போய் இறங்குறாங்க, அப்ப பூவும் களைச்சிருக்கும் தேனீயும் நிழலுக்குப் போயிருக்கும், பிள்ளை ஐஸ் கிரீம் கேக்க ஆரம்பிச்சிரும், அப்புறம் 'தோட்டத்துல ஒண்ணுமே இல்லக்கா'ன்னு சொல்வாங்க. ஒவ்வொரு பூவுக்கும் கடை திறக்கிற நேரம்னு ஒண்ணு இருக்கு. பாகற்பூ காலையில. பீர்க்கங்காய் பூ சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் திறக்கும். சுரைக்காய் பூவும் பொழுது சாயுறப்ப, வெள்ளையா, அந்துப்பூச்சிக்காக. புடலங்காய் இன்னும் அழகு, ராத்திரியில திறக்கும், ஓரமெல்லாம் நூல் பிரிச்ச மாதிரி வெள்ளைச் சரிகை தொங்கும். நம்மள்ல பாதி பேரு ஆயுசு முழுக்க புடலங்காய் கூட்டு சாப்பிட்டிருப்போம், அந்தப் பூவ விரிஞ்ச நிலையில ஒரு தடவ கூட பாத்திருக்க மாட்டோம். கம்போங் (கிராமத்து) வீட்டுல யாராவது பந்தல் போட்டிருந்தா ஒரு ராத்திரி டார்ச்ச எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.

இப்ப தோட்டத்துக்கு வர்றேன். காசில்லாம போகணும்னா தாவரவியல் பூங்காதான், தண்ணிமலை முருகன் கோயில் தாண்டிப் போற அதே ரோடு. 1884ல சார்லஸ் கர்ட்டிஸ் பொறுப்புல ஆரம்பிச்சது. அங்க மத்தத எல்லாம் விடுங்க, நேரா நாகலிங்க மரத்துக்குப் போங்க. மரத்தோட அடித்தண்டுலயே கயிறு கயிறா தொங்கி அதுல பூ இருக்கும், பீரங்கிக் குண்டு மாதிரி காய் இருக்கும், அதனால காய்க்கு நேர் கீழ நிக்காதீங்க. நமக்கு அந்தப் பூவுல லிங்கமும் மேல படமெடுத்த நாகமும் தெரியும், மக கிட்ட அதச் சொல்லுங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க. அந்த மரத்தோட சொந்த ஊர் தென் அமெரிக்கா, அந்தப் பூவுல தேனே கிடையாது. வர்ற வண்டுக்கு சாப்பாடு மகரந்தம்தான், அதுலயும் ரெண்டு வகை வச்சிருக்கு: லிங்கத்தச் சுத்தி வளையமா இருக்கிற மகரந்தம் விதை பிடிக்க வைக்கிறது, நாகப்படத்துல இருக்கிறது முளைக்காதது, வண்டு தின்னுறதுக்குன்னே வச்சது. கருவண்டு படத்துல சாப்பிட வரும், அப்ப அதோட முதுகுல வளையத்துல இருக்கிற நல்ல மகரந்தம் ஒட்டிக்கும். விருந்துக்கு ஒரு சட்டி, வியாபாரத்துக்கு ஒரு சட்டி. இத நான் பிள்ளைங்க கிட்ட சொல்லும்போது அதுக்கப்புறம் பத்து நிமிஷம் யாரும் ஃபோனைக் கேக்க மாட்டாங்க.

அந்தக் கருவண்டப் பாத்து பயப்படாதீங்க. தோட்டத்துல குண்டா, கருப்பா, ஹெலிகாப்டர் மாதிரி சத்தத்தோட வர்றது தச்சுத்தேனீ, காஞ்ச மரத்துல ஓட்டை போட்டு குடியிருக்கும். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, பொண்ணுக்கு உண்டு, ஆனா கையில பிடிச்சு நசுக்கினாத்தான் கொட்டும். நம்ம சாம்பார்ல போடுற கத்திரிக்காய்க்கு இது ரொம்ப முக்கியமான ஆளு. கத்திரிப்பூவுல மகரந்தம் வெளிய தூவி இருக்காது, உப்பு டப்பா மாதிரி நுனியில சின்ன ஓட்டை போட்ட குழாய்க்குள்ள அடைச்சிருக்கும், தச்சுத்தேனீ பூவக் கட்டிப் பிடிச்சு றக்கைய அசைக்காம உடம்ப மட்டும் 'ர்ர்ர்'னு அதிர வைக்கும், அப்பத்தான் கொட்டும். தேன் கூட்டுல இருக்கிற சாதாரண தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தக்காளியும் இதே கேஸ், காத்துல ஆடியே கொஞ்சம் காய்க்கும், வண்டு வந்தா நல்லா காய்க்கும். வீட்டுல பேட்டரி பல்துலக்கி இருந்தா தக்காளிப் பூக்காம்புல வச்சு ஒரு நொடி அதிர விடுங்க, புகை மாதிரி தூள் வரும். ரோட்டோரத்துல ஊதாக் கலர்ல பூக்கிற செண்டுடோக் செடிகிட்டயும் காலையில நின்னா இந்த 'ர்ர்ர்' காதுலயே கேக்கும்.

அடுத்தது தெலுக் பஹாங் பக்கம் இருக்கிற டிராப்பிக்கல் ஸ்பைஸ் கார்டன், முன்னாடி ரப்பர் தோட்டமா இருந்த இடம், 2003ல திறந்தாங்க. டிக்கெட் உண்டு, சமையல் வகுப்புக்கும் பேர் போன இடம், என்ன நாள் என்ன விலைன்னு போன் போட்டுக் கேட்டுக்குங்க, அது மாறிக்கிட்டே இருக்கும். அங்க போனா நம்ம அஞ்சறைப் பெட்டிய மனசுல வச்சுக்கிட்டு நடங்க. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே கேள்வி: இது செடியோட எந்தப் பாகம், பூச்சி வந்த பிறகு எடுத்ததா, வர்றதுக்கு முன்னாடியே எடுத்ததா? கிராம்பு விரியாத மொட்டு, அதாவது வண்டுக்குக் கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே நாம பறிச்சுட்டோம். அசாம் லக்சாங்கிற புளிப்பு மீன் நூடுல்ஸ்ல போடுற புங்கா கந்தான் (இஞ்சி ஜாதிப் பூ) கூட அதே மாதிரி மொட்டாத்தான் வெட்டுவாங்க, வெட்டாம விட்டா செவப்பா விரிஞ்சு தேன்சிட்டு வந்து மூக்க விடும். பெருங்காயம் வேருல கீறி எடுக்கிற பால், கறிவேப்பிலை இலை, மஞ்சளும் இஞ்சியும் மண்ணுக்கடியில இருக்கிற தண்டு, இதுக்கெல்லாம் பூச்சி தேவையே இல்ல. கடுகு, கொத்தமல்லி, சீரகம் விதை, ஆக அங்க பெரும்பாலும் யாரோ வந்து போயிருக்காங்க.

ஜாதிக்காய நிதானமா பாருங்க, பினாங்குக்குப் பேர் வாங்கிக் குடுத்ததுல அதுவும் ஒண்ணு. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதை போட்டு ஆறேழு வருஷம் கழிச்சு பூத்தாத்தான் இது ஆணா பெண்ணான்னே தெரியும், அதுவரைக்கும் எரு போட்டு வளத்தவன் நெலமைய யோசிங்க. பூவ நாடி வர்றது சின்னச் சின்ன வண்டுங்கன்னு தென்னிந்தியாவுல பாத்து எழுதியிருக்காங்க. ஒரே காய்ல மூணு சாமான்: சதை நம்ம ஊர்ல பாலான்னு சொல்ற ஜாதிக்காய் ஜூஸுக்கும் ஊறுகாய்க்கும், செவப்பு வலை ஜாதிபத்திரி பிரியாணிக்கு, உள்ள கொட்டை ஜாதிக்காய். வனிலா கொடியப் பாத்தா இன்னொரு கதை சொல்லலாம். அது மெக்சிகோ கொடி, வெளியூர்ல நட்டா பூக்கும் ஆனா காய்க்காது, கடைசியில 1841ல ரியூனியன் தீவுல அடிமையா இருந்த எட்மண்ட் ஆல்பியஸ்ங்கிற 12 வயசுப் பையன் ஒரு குச்சியும் கட்டைவிரலும் வச்சு கையால சேர்க்கிற வழியக் கண்டுபிடிச்சான். இன்னிக்கும் அதே முறைதான். உங்க மகள விட மூணு வயசுதான் பெரியவன்.

கையால சேர்க்கிறதுன்னதும் எங்க அம்மா ஞாபகம் வருது. கெடா எல்லையில ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துல அவங்களுக்கு அதுதான் வேலை, ஆண் பூத்தூள முகத்துக்குப் போடுற மாதிரி டால்க் பவுடர்ல கலந்து டப்பாவுல அடைச்சுக் குடுப்பாங்க, பெண் குலை எங்க விரிஞ்சிருக்குன்னு மரம் மரமா தேடிப் போய் முள்ளுக்கு நடுவுல கைய விட்டு ஊதணும். 'நாங்கதான் அப்ப தேனீ'ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. செம்பனை ஆப்பிரிக்க மரம், அதோட வண்டு நம்ம நாட்டுல இல்ல, அதான் இந்தப் பாடு. 1981ல கேமரூன்லேருந்து ஒரு குட்டி வண்டக் கொண்டாந்து விட்டாங்க, அரிசி நீளம் கூட இருக்காது, கொஞ்ச நாள்லயே அந்த ஊதுற வேலையே இல்லாம போச்சு. விரிஞ்ச ஆண் பூவ மோந்து பாத்தா சோம்பு வாசனை வரும், அந்த வாசனைக்குத்தான் வண்டு வருது. அம்மாவ உதிர்ந்த பழம் பொறுக்கிற வேலைக்கு மாத்திட்டாங்க. அந்த வண்டு மேல அவங்களுக்குக் கோவமா சந்தோஷமான்னு நான் கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல.

இன்னொன்னு டுரியான். மாலையில விரிஞ்சு ராத்திரி வியாபாரம் முடிச்சு விடியறதுக்குள்ள கொட்டிரும், பெரிய வேலை வௌவாலோடது. பத்துமலை குகைக்குள்ள நாமெல்லாம் மூக்கப் பிடிச்சுக்கிட்டு போறோமே, அங்க இருக்கிற தேன் குடிக்கிற வௌவால் வகை ராத்திரியில முப்பது கிலோமீட்டருக்கு மேல பறந்து கடலோர பாக்காவ் (சதுப்புநில மரம்) காட்டுப் பூ வரைக்கும் போய் வருதுன்னு 1970கள்லயே ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க, டுரியான், பெத்தாய்ங்கிற மரக்காய் ரெண்டுக்கும் அதுதான் மாப்பிள்ளை வீட்டுக்கும் பொண்ணு வீட்டுக்கும் நடுவுல போற தரகர். பாலேக் பூலாவ்ல தெரிஞ்ச டுரியான் தோட்டக்காரர் இருந்தா பூக்கிற சமயத்துல விடியக்காலம் போய் கீழ கொட்டிக் கிடக்கிற பூவப் பொறுக்கிட்டு வாங்க. அந்த வெள்ளை நூலுகள அலசி, நெத்திலி சம்பல்ல போட்டு வதக்குறது இங்க கம்போங் ஆளுங்க செய்றது, எங்க வீட்டுலயும் செய்றோம். மரத்துலேருந்து பறிக்காதீங்க, அப்புறம் அவர் என்னத் திட்டுவார்.

நங்கா (பலா) மரம் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, கேள்விக்கு வெளியதான் ஆனா விடமுடியல. சின்னப் பிஞ்சு கருப்பா பூசணம் பிடிச்சு விழுதேன்னு மருந்து அடிக்காதீங்க. பெரும்பாலும் அது பிஞ்சு இல்ல, ஆண் பூக்கொத்து, வேலை முடிஞ்சு போறது. அதோட ஜாதிக்கார செம்படாக்குல, அந்தப் பூசணத்துக்காக வர்ற குட்டி ஈதான் மகரந்தத்தையும் சேர்க்குதுன்னு சரவாக் காட்டுல பாத்து 2000ல எழுதினாங்க.

வகுப்புக்கு காசு கட்டணுமா? சமையலுக்குன்னா கட்டலாம், பிள்ளை அம்மியில கை வைக்குதா இல்ல சும்மா உக்காந்து பாக்குதான்னு மட்டும் முன்னாடியே கேளுங்க. பூச்சியப் பாக்கணும்னா எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறாங்கன்னு கேளுங்க, 10 மணின்னா வேணாம். ஒரு இடத்துல, பேர் வேணாம், வழிகாட்டி கறிவேப்பிலைச் செடியில இருந்த புழுவ 'கெட்ட பூச்சி'ன்னு பிள்ளைங்க முன்னாடியே நசுக்கினார். பறவை எச்சம் மாதிரி கருப்பு வெள்ளையா இருந்துச்சு, நம்ம எலுமிச்சையிலயும் கறிவேப்பிலையிலயும் முட்டை வைக்கிற வண்ணத்துப்பூச்சியோட குழந்தை அது. வீட்டுச் செடியில நாலு புழு வந்தா இலை கொஞ்சம் போகும், செடி சாகாது. நான் ஒரு கிளைய அதுகளுக்குன்னு விட்டிருக்கேன், ரசத்துக்கு மிச்சக் கிளை போதும்.

கெலுலுட் தேன் விக்கிறவங்க குழாய் வச்சு உறிஞ்ச விடுவாங்க, ஊர்ல கொசுத்தேனீன்னு சொல்றோமே அந்த மாதிரி கொட்டாத வகை, பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும், புளிப்பா இருக்கும். அதுல இருக்கிற சர்க்கரை சாதாரண தேன்ல இருக்கிறதுலேருந்து வேற வகைங்கிறது சோதிச்சுப் பாத்தது. அது சக்கரை நோய குணப்படுத்தும்னு போஸ்டர்ல போட்டிருந்தா அத போஸ்டரோட விட்டுருங்க, மாத்திரைய நிறுத்தாதீங்க. ஒரு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு எந்தத் தேனும் நக்கக்கூட வேணாம்.

பயமுறுத்துறதுக்கு இல்ல, ஆனா இத மகளுக்கு முதல் நாளே சொல்லிருங்க: பூவ சாப்பிடலாம்னு தெரிஞ்ச பிள்ளை எல்லாப் பூவையும் வாயில வைக்கும். அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை எல்லாம் விஷம், இந்த ஊர்ல ரோட்டோரத்துலயே அழகுக்கு நட்டு வச்சிருக்கான். அம்மா பேர் சொல்லிக் குடுத்தா மட்டும் வாயில வைக்கணும், தோட்டத்துல எதையும் பறிக்கக் கூடாது. தாவரவியல் பூங்காவுக்கு பிளாஸ்டிக் பையில சாப்பாட்டத் தூக்கிட்டுப் போகாதீங்க, அந்தப் பை சத்தம் கேட்டா குரங்கு ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்துரும்.

ஆக இந்த ஞாயித்துக்கிழமை எங்கயும் போக வேணாம். சனிக்கிழமை சாயங்காலமே செடியப் பாருங்க, மறுநாள் விரியப் போற மொட்டு நுனியில மஞ்சள் தெரியும், எது ஆண் எது பெண்ணுன்னு மகளையே நூல் கட்டி வைக்கச் சொல்லுங்க. பெண் மொட்டே இல்லன்னா ரெண்டு வாரம் பொறுங்க, உரத்த அள்ளிப் போடாதீங்க, போட்டா இலைதான் வரும். காலையில மழை பெஞ்சு பூவுக்குள்ள தண்ணி நின்னா மகரந்தம் வீணாப் போயிரும், அன்னிக்கு பஜ்ஜியோட நிறுத்திக்குங்க.